மூன்றாம் வகுப்பும் அப்பாவின் கைப்பேசியும்

கொரோனாவால் பள்ளி மூடியிருந்த 2020 ஜூலையில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினேன். தினமும் நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ, போதாததற்கு இரண்டு பக்க வீட்டுப்பாடம். வகுப்பறையை அப்படியே கைப்பேசிக்குள் திணிக்கப் பார்த்த பேராசை. முதல் வாரம் 32 பேரில் 20 பேர் நோட்டைப் படம்பிடித்து அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் 6 பேர்.

பிள்ளைகள் மேல்தான் கோபம் வந்தது. ஒரு தாயிடம் பேசியபோது வாயடைத்துப் போனேன். "கைப்பேசி அவன் அப்பாவிடம் இருக்கிறது, டீச்சர். அவர் வேலை முடிந்து வர இரவு எட்டாகிவிடும். வீடியோ இறங்குவதற்குள் பையன் தூங்கிவிடுகிறான்."

வீடியோவை நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஒரே பாடம், மூன்று நிமிடக் குரல் பதிவு, கால் மணி நேரத்தில் முடிகிற ஒரு வேலை. மறுநாள் இரவு வரை பதில் அனுப்பலாம். கல்வித் தொலைக்காட்சியில் எங்கள் வகுப்புக்குப் பாடம் வந்த நாளில் நான் எதுவும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை விட்டுப்போனதை முடிக்க மட்டும்.

பெருக்கலுக்குப் புளியங்கொட்டை. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை அடுக்கு, எண்ணு. பக்கவாட்டில் வந்து உட்கார்ந்து மறுபடி எண்ணு. இப்போது அதுவே நான்கு நான்காக மூன்று வரிசை. ஒரு சிறுமி மட்டும் விடை பதினொன்று என்றாள். "ஒன்றைத் தம்பி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான், டீச்சர்." சரி என்று குறித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் 25 பேரிடமிருந்து பதில் வந்தது. கைப்பேசியே இல்லாத நால்வருக்கு வாரம் ஒருமுறை தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.