கூடைப்பந்து கண்டக் கோப்பைத் தகுதிச் சுற்று: பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஒரு குழுவில் நான்கு அணிகள். குழுவுக்கு மூன்று அணிகள் ஐரோப்பாவின் கண்டக் கோப்பையான யூரோபாஸ்கெட் 2025-க்குப் போகலாம். குரோஷியா தன் குழுவில் மூன்றாவதாக முடித்தது. அப்படியானால் குரோஷியா உள்ளே, இல்லையா?

இல்லை. அந்தக் குழுவில் கடைசியாக வந்த சைப்ரஸ் போனது, குரோஷியா வீட்டில் இருந்தது.

இதைக் கேட்டதும் பலருக்கு ஏதோ சதி என்று தோன்றும். சதி எதுவும் இல்லை, விதியில் முதலிலேயே எழுதியிருந்ததுதான். அந்தத் தொடரை லாட்வியா, பின்லாந்து, போலந்து, சைப்ரஸ் என்று நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. நடத்தும் நாட்டுக்கு இடம் உறுதி. ஆனாலும் அவையும் தகுதிச் சுற்றில் ஆடின. மொத்தம் 32 அணிகள், எட்டுக் குழுக்கள், குழுவுக்கு மூன்று பேர் என்று 24 இடங்கள். நடத்தும் நாடு இருக்கும் குழுவில் அந்த மூன்றில் ஓர் இடம் ஏற்கெனவே போய்விட்டது. மீதி இரண்டுதான். பிரான்ஸும் போஸ்னியாவும் அவற்றை எடுத்துக்கொண்டன.

ஆக, முதல் தவறு இதுதான்: குழுவில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்காமலே ஆட்டம் பார்க்க உட்காருவது. நடத்தும் நாடு தன் ஆறு ஆட்டங்களிலும் தோற்றாலும் அதன் இடம் அசையாது. ஆனால் அதனிடம் தோற்கும் அணிக்கு அந்தத் தோல்வி முழுத் தோல்வி. "அவர்களுக்கு இது பயிற்சி ஆட்டம்தானே" என்று நடத்தும் நாட்டை லேசாக எடுத்துக்கொள்வது ரசிகர்களுக்குப் பழக்கம். எதிரில் நிற்கும் அணிக்கு அப்படி இருக்க வழியில்லை.

புள்ளியா, பாயின்ட்டா?

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டியலில் சேர்வதையும் புள்ளி என்கிறோம், கூடையில் விழுவதையும் புள்ளி என்கிறோம். இந்தக் கட்டுரையில் பட்டியலில் சேர்வது புள்ளி, கூடையில் விழுவது பாயின்ட் என்று பிரித்துக்கொள்வோம். இல்லாவிட்டால் அடுத்த பகுதியில் எல்லாம் குழம்பிவிடும்.

கால்பந்து, கிரிக்கெட் பட்டியல்களுக்குப் பழகிய கண்ணுக்குக் கூடைப்பந்துப் பட்டியல் பொறி வைக்கும். வென்றால் 2 புள்ளி. தோற்றால் பூஜ்யம் அல்ல, 1 புள்ளி. ஆடாமல் விட்டுக்கொடுத்தால் மட்டும்தான் பூஜ்யம். அப்போது ஸ்கோர் 20-0 என்று பதிவாகும். ஆட்டத்தின் நடுவே களத்தில் இரண்டு வீரர்கள்கூட இல்லாமல் போனால் அது வேறு வகைத் தோல்வி. அதற்கு 1 புள்ளி உண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் வென்ற அணிக்கு 4 புள்ளி. நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்ற அணிக்கும் 4 புள்ளி. எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டங்களை முடிக்காத நேரத்தில் பட்டியலின் புள்ளிப் பத்தியைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. வெற்றி–தோல்விப் பத்தியைப் பாருங்கள், போதும். நான் அந்தப் புள்ளிப் பத்தியைப் பார்ப்பதையே விட்டு வெகுகாலம் ஆகிறது.

சமநிலை வந்தால்

மிக அதிகமாகத் தப்புக் கணக்குப் போடப்படும் இடம் இது. நானும் போட்டிருக்கிறேன். ஓர் அணி கடைசி ஆட்டத்தில் பலவீனமான எதிரியை 40 பாயின்ட் வித்தியாசத்தில் நொறுக்கியதைப் பார்த்து, "சரி, இனி யாரும் எட்ட முடியாது" என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பி, பத்து நிமிடத்தில் அதை அழித்திருக்கிறேன்.

காரணம் எளிது. இரண்டு அணிகள் ஒரே வெற்றி–தோல்விக் கணக்கில் முடித்தால் மொத்தப் பாயின்ட் வித்தியாசம் முதலில் பார்க்கப்படாது. அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள்தான் முதலில். அவற்றில் யார் அதிகம் வென்றார்கள் என்பது முதல் கேள்வி. அதுவும் சமம் என்றால் அந்த ஆட்டங்களில் மட்டும் கிடைத்த பாயின்ட் வித்தியாசம். அதுவும் சமம் என்றால் அந்த ஆட்டங்களில் எடுத்த பாயின்ட்கள். இவ்வளவும் கைவிட்ட பிறகுதான் குழுவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்த மொத்த வித்தியாசம்.

சொந்த மண்ணில் ஒன்று, எதிரி மண்ணில் ஒன்று என்று இரண்டு முறை மோதும் முறையில் இது ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. முதல் ஆட்டத்தில் அ அணி ஆ அணியை 5 பாயின்டில் வென்றது என்று வைத்துக்கொள்வோம். மறு ஆட்டத்தில் ஆ அணிக்கு வெறும் வெற்றி போதாது, 6 பாயின்ட் வெற்றி வேண்டும். 4 பாயின்டில் தோற்ற அ அணி கைகுலுக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியேறினால் ஆச்சரியப்படாதீர்கள். அவர்கள் கணக்கில் அன்று வென்றது அவர்கள்தான்.

ஆ அணி சரியாக 5 பாயின்டில் வென்றால்? இங்கே ஒரு வேடிக்கை. நேருக்கு நேர் வித்தியாசம் பூஜ்யம். அடுத்து அந்த இரண்டு ஆட்டங்களில் எடுத்த பாயின்ட்களைப் பார்க்கச் சொல்கிறது விதி. ஆனால் இரண்டே அணிகள், இரண்டே ஆட்டங்கள், வித்தியாசம் பூஜ்யம் என்றால் இருவரும் எடுத்த பாயின்ட்களும் கட்டாயம் சமமாகத்தான் இருக்கும். ஒருவர் எடுத்தது இன்னொருவர் விட்டதுதானே. ஆகவே இருவர் மட்டும் மோதும் சமநிலையில் அந்த விதி ஒருபோதும் உதவாது. நேராக மொத்த வித்தியாசத்துக்குப் போய்விடும். அந்த 40 பாயின்ட் வெற்றி அப்போதுதான் பேசும்.

மூன்று அணிகள் சமமானால் அந்த மூவரும் தங்களுக்குள் ஆடியவற்றை மட்டும் எடுத்து ஒரு குட்டிப் பட்டியல் போட வேண்டும். அ, ஆ, இ மூவரும் ஒருவரையொருவர் ஒருமுறை வென்று ஒருமுறை தோற்றிருக்கிறார்கள். இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் அ, ஆ-வைவிட 12 பாயின்ட் மேலே. ஆ, இ-யைவிட 10 மேலே. இ, அ-வைவிட 4 மேலே. இப்போது அ-வுக்கு +8, ஆ-வுக்கு −2, இ-க்கு −6. வரிசை அ, ஆ, இ. நான்காவதாக இருக்கும் ஈ அணியை யார் எத்தனை பாயின்டில் அடித்தார்கள் என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. குட்டிப் பட்டியலில் ஒருவர் பிரிந்துபோய் மற்ற இருவர் இன்னும் சமமாக நின்றால், அந்த இருவருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து, தப்பான அணிக்கு வாழ்த்துச் சொல்பவர்கள் ஏராளம்.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு பழைய எரிச்சலும் தீரும். 10 பாயின்ட் முன்னிலையில் 20 நொடி மிச்சம் இருக்கும்போது பயிற்சியாளர் டைம் அவுட் எடுக்கிறார். "இதென்ன மரியாதை கெட்ட வேலை" என்று பார்வையாளர்கள் கத்துகிறார்கள். அவருக்குத் தேவை 12 பாயின்டாக இருக்கலாம். கூடுதல் நேரத்தில் விழும் பாயின்ட்களும் வித்தியாசக் கணக்கில் சேரும் என்பதால், 6 பாயின்ட் வெற்றி தேவைப்படும் அணி, கடைசி நொடியில் 2 பாயின்ட் மட்டும் முன்னால் இருந்தால், ஆட்டம் சமனாகி இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்தால் தேவலை என்று நினைக்கும். அதற்காகத் தன் கூடையிலேயே பந்தைப் போட முடியுமா? முடியாது. வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போட்டால் அது விதிமீறல், கூடை கணக்கில் வராது.

நட்சத்திரங்களை வைத்து ஆரூடம் சொல்வது

2025 கண்டக் கோப்பைகளுக்கான தகுதி ஆட்டங்கள் 2024 பிப்ரவரி, 2024 நவம்பர், 2025 பிப்ரவரி என்று மூன்று தவணைகளில் நடந்தன. விண்டோ என்று சொல்வார்களே, அதுதான். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டம். நவம்பரும் பிப்ரவரியும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ பருவத்தின் நடுவே வருகின்றன. அந்த வீரர்கள் பொதுவாக வர முடியாது. ஐரோப்பாவின் பெரிய கிளப் வீரர்களும் பல நேரங்களில் கிடைப்பதில்லை. ஆகவே கோடையில் ஒலிம்பிக்கில் பார்த்த அணியும் நவம்பரில் தகுதிச் சுற்றில் இறங்கும் அணியும் பெயரளவில்தான் ஒன்று.

பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற செர்பியா, அதே ஆண்டு நவம்பரில் பெல்கிரேடில், சொந்த ரசிகர்கள் முன்னால், டென்மார்க்கிடம் தோற்றது. என்பிஏவில் ஆடும் செர்பிய நட்சத்திரம் யோகிச் இருந்திருந்தால் என்று பேசிப் பயனில்லை, அவர் அங்கே இருக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தகுதிச் சுற்றைக் கணிக்க விரும்பினால் உள்நாட்டு லீக்கில் யார் ஆடுகிறார்கள், நடுத்தர கிளப்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறு ஆட்டங்களிலும் தவறாமல் வரும் சாதாரண பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்), ஒரு ஆட்டத்துக்குக்கூட வர முடியாத நட்சத்திரத்தைவிட இங்கே பெரிய சொத்து.

இதே போல உலகத் தரவரிசையை வைத்து "இவர்கள் எப்படியும் போய்விடுவார்கள்" என்பதும். குழு பிரிக்கும் குலுக்கலில் ஓர் அணியை எந்தத் தட்டில் வைப்பது என்று தரவரிசை தீர்மானிக்கும். இடம் வாங்கித் தராது.

"இன்னொரு வெளிநாட்டுக்காரரை எடுக்கலாமே"

குடியுரிமை விஷயத்தில் ரசிகர்கள் மட்டும் அல்ல, சில நேரம் செய்தி எழுதுபவர்களும் தடுக்கி விழுகிறார்கள். 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்ற வீரர்களில் ஒருவரை மட்டுமே 12 பேர் அணியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே பார்க்கப்படுவது ரத்த உறவு அல்ல, கடவுச்சீட்டு எப்போது கிடைத்தது என்பது. என்பிஏ வீரர் ஜோர்டன் கிளார்க்சனின் தாய்வழி பிலிப்பைன்ஸ்தான். ஆனாலும் உரிய வயதுக்குள் கடவுச்சீட்டு எடுக்காததால் அவர் குடியுரிமை பெற்றவர் கணக்கில்தான் வருகிறார். ஆகவே பிலிப்பைன்ஸ் அணியில் கிளார்க்சனும், அங்கே குடியுரிமை பெற்ற அமெரிக்கர் ஜஸ்டின் பிரவுன்லியும் ஒரே பட்டியலில் சேர்ந்து இருக்க முடியாது. இருவரில் ஒருவர்தான். "இரண்டு பேரும் வந்தால் ஆசியாவையே அடிக்கலாம்" என்ற கனவு பல ஆண்டுகளாக இந்த ஒரு விதியில் முட்டி நிற்கிறது.

ஒரு கண்டத்தின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்துவது

எல்லாம் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா நடத்துவதுதான், விதியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தால் கணக்கு தவறும். சமநிலை விதிகள் பொது. தொடரின் அமைப்பு பொது அல்ல. ஐரோப்பாவில் குழுவுக்கு மூன்று. அமெரிக்கக் கண்டத்தில் 16 அணிகள், நான்கு குழுக்கள், அங்கும் குழுவுக்கு மூன்று, ஆக 12. ஆப்பிரிக்காவில் அணிகள் பெரும்பாலும் ஊர் ஊராகப் போய் ஆடுவதில்லை. குழு முழுவதும் ஒரே நகரில் கூடிச் சில நாட்களில் ஆடி முடிக்கிறது. அங்கே சொந்த மண், எதிரி மண் என்ற கணக்கே மாறிவிடும்.

2025 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 24 அணிகள், ஆறு குழுக்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017 முதல் இதில்தான் இருக்கின்றன, தேடி அலைய வேண்டாம். முதல் இரண்டு அணிகள் நேராக உள்ளே. மூன்றாவதாக வந்தவர்கள் வெளியே என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மூன்றாம் இட அணிகளும் மூன்று மூன்றாக இன்னொரு சுற்று ஆடும். ஒவ்வொன்றிலும் இருவருக்கு இடம் உண்டு. ஈரான், கத்தார், கஜகஸ்தான் இருந்த குழுவில் மூன்றாவதாக முடித்த இந்தியா, 2025 மார்ச்சில் மனாமாவில் நடந்த அந்தச் சுற்றில் பஹ்ரைனை அவர்கள் மண்ணிலேயே வென்று, கோப்பை நடந்த ஜெத்தாவுக்குப் போனது. பிப்ரவரியிலேயே "முடிந்தது கதை" என்று எழுதியவர்கள் உண்டு.

பெண்கள் ஆசியக் கோப்பை முற்றிலும் வேறு ஆட்டம். விண்டோ கிடையாது. ஏ பிரிவில் எட்டு அணிகள், அதில் கடைசியாக வரும் அணி பி பிரிவுக்கு இறங்கும், பி பிரிவை வெல்லும் அணி மேலே ஏறும். ஆண்கள் தொடரின் விதியை வைத்து இதைப் பேசினால் ஒரு வரிகூடப் பொருந்தாது. காலமும் வேறு: 2017-க்குப் பிறகு ஆண்கள் கண்டக் கோப்பைகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பெண்களுக்கு இன்னமும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

தகுதிச் சுற்று முடிந்ததும் பட்டியல் மூடப்பட்டுவிட்டது என்று எண்ணுவதும் ஒரு தவறுதான், அரிதாகக் கடிக்கும் தவறு. யூரோபாஸ்கெட் 2022-க்கு ரஷ்யா தகுதி பெற்றிருந்தது, மாண்டினீக்ரோ பெறவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யா நீக்கப்பட்டது, அந்த இடம் மாண்டினீக்ரோவுக்குப் போனது. தகுதிச் சுற்றில் வெளியேறியிருந்த அந்த அணி குழுச் சுற்றைத் தாண்டி, கடைசி 16-இல் ஜெர்மனியைச் சந்தித்த பிறகுதான் ஊர் திரும்பியது.