பாண்டியில் பழைய பார் ஒன்றைப் பிடிப்பது எப்படி

பாண்டியில் பார் தேட வழிகாட்டி வேறு வேணுமா என்று சிரிப்பீர்கள். வேணும். சனிக்கிழமை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கூட்டம் ஒயிட் டவுன் பக்கம் ஏதாவது ரெஸ்டோ பார் மாடியில் ஏறி, பாட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவன் சொல்வது காதில் விழாமல் கத்திக் கத்திப் பேசி, பில்லைப் பார்த்து முழித்துவிட்டு ஊர் திரும்புகிறது. நான் சொல்கிற கடை வேறு. பல வருடமாக ஒரே குடும்பம் நடத்துவது, மாஸ்டர் மாறாதது, குடிக்காத ஆள்கூட மத்தியானம் மீன் சாப்பாட்டுக்கு வந்து உட்காருவது.

தேடுவதற்கு நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை பக்கம் போங்கள். ஆட்டோக்காரரிடம் "நல்ல பார் எது" என்று கேட்டால் வெளியூர்க்காரர்களை எங்கே இறக்கி விடுவாரோ அங்கேதான் உங்களையும் இறக்குவார். "சுறாப்புட்டு எங்கண்ணே நல்லா இருக்கும்" என்று கேளுங்கள், அவர் சாப்பிடுகிற இடத்தைச் சொல்வார்.

முதல் தடவை வேலை நாளில் ஒரு மணி வாக்கில் போவது நல்லது. கடையின் வண்டவாளம் கூட்டம் இல்லாதபோதுதான் தெரியும். தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கவனியுங்கள். அவர் வாயைத் திறக்கும் முன்பே தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் டேபிளுக்கு வந்துவிட்டால் சரியான இடம்தான், நாற்காலி ஆடினாலும் பரவாயில்லை. கை கழுவும் இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அது நாறினால் எவ்வளவு பழைய கடையாக இருந்தாலும் கிளம்பிவிடலாம்.

இப்போது சாப்பாடு. இந்தக் கடைகள் இத்தனை வருடம் நிற்பதே சைட் டிஷ்ஷால்தான், சரக்கு எல்லா இடத்திலும் ஒரே சரக்கு. முதலில் சுறாப்புட்டு சொல்லுங்கள். வேகவைத்துத் தோலுரித்த சுறாவை உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டு வதக்கியிருப்பார்கள். விரலில் எடுத்தால் பூப்போல உதிர வேண்டும், எண்ணெய் தட்டில் தேங்கக் கூடாது. நவச்சார நெடி மூக்கில் ஏறினால் மீன் பழசு. சுறாவின் சதையிலேயே யூரியா உண்டு, நாள்பட்டால் அது அம்மோனியாவாக மாறும், எத்தனை பூண்டு போட்டாலும் மறைக்க முடியாது. இதில் தேறிய மாஸ்டரை நம்பி கணவாய், இறால் தொக்கு என்று அடுத்ததற்குப் போகலாம். வஞ்சிரம் கேட்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய மீன் என்றால் பெரும்பாலும் ஐஸில் இருந்ததுதான், ஃபைபர் படகில் வருகிற சின்ன மீன் எது என்று விசாரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள், ஆறிப்போன நெத்திலியைவிடச் சோகம் வேறில்லை. முழு மீன் என்றால் விலையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏசி ஹாலுக்கும் வெளியே இருப்பதற்கும் ரேட் வேறாக இருக்கலாம், அதையும்தான்.

சர்வரை "அண்ணே" என்று கூப்பிட்டால் போதும், விரல் சொடுக்க வேண்டாம். டிப்ஸை அவர் கையில் கொடுங்கள். போனை எடுத்துச் சுற்றிச் சுற்றி வீடியோ பிடிக்காதீர்கள், பக்கத்து டேபிள்காரர் வீட்டில் ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் தனி ரூம் உண்டா என்று போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கடைகள் மேல் தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது பாண்டி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் இங்கே கடைகள் இருந்தன. தமிழ்நாட்டில் 1971-இல் திறந்து 1974-இல் மறுபடி மூடினார்கள். தாத்தா காலத்திலேயே எல்லை தாண்டிப் பழகிவிட்ட கால்கள். டாஸ்மாக் வந்து இவ்வளவு வருடம் ஆகியும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட இன்னும் வடக்கே பஸ் ஏறுகிறார்கள்.

ஆமாம், பஸ்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. மிச்சமிருக்கும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால் பதில் சொல்ல முடியாது. பக்கத்து டேபிளில் கொடுத்துவிட்டு வாருங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.