மதுரைக்குச் சில நாள் போகிறவர்கள் கையெழுத்து வேலையைத் தனியாக வையுங்கள்

மாதக்கணக்கில் போய்த் தங்குகிறவர்களுக்கு இது இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறோம், லீவே கொஞ்சம், அதில் மதுரைக்கென்று மூன்று நாலு நாள்தான், கோயிலைப் பார்க்க வேண்டும், நினைத்ததை நினைத்த கடையில் சாப்பிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிக்கெட் போட்ட அன்றைக்கே வீட்டுக்கு ஃபோன் போட்டு, "நான் வர்ற நாள்ல எனக்குன்னு எதுவும் வேலை வச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். பத்திர ஆபீஸ், பேங்க், தாலுகா ஆபீஸ் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். "அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

போய்ச் சேர்வது சுலபம். சிங்கப்பூர், துபாய், கொழும்பிலிருந்து நேராக மதுரைக்கே விமானம் உண்டு. மற்றவர்கள் சென்னையில் இறங்கி, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும்போது மதுரை. சித்திரைத் திருவிழாவுக்கென்றே வருவதாக இருந்தால் தவிர ஏப்ரல், மே வேண்டாம், அந்த வெயிலில் பகல் முழுக்க அறைக்குள்தான் கிடக்க வேண்டும். திருவிழாவுக்கு வருகிறவர்கள் அறையைப் பல மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள், அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் ஊரில் ஓர் அறை கிடைக்காது. வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள்: பழைய ஐந்நூறும் ஆயிரமும் 2016-லேயே செல்லாமல் போய்விட்டன, இரண்டாயிரம் ரூபாய் நோட்டையும் 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பருத்திப்பால் வண்டி வரைக்கும் க்யூஆர் அட்டைதான் தொங்குகிறது, நமக்கு அது வேலை செய்யாத இடத்தில் கொடுக்க ஐம்பதும் நூறுமாகச் சில்லறை வேண்டும்.

சரி, கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா கட்டிய வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டில் எனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக் கொடுக்கிற பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பெரியப்பா பேசி முடித்து வைத்திருந்தார். நான் போய் இறங்கி, குளித்து, இலையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள். "ஒரு கையெழுத்துதாம்மா, பத்து நிமிஷ வேலை. நாளைக்குக் காலையில டோக்கன் போட்டாச்சு." மறுநாள் காலையில் கீழடி, மத்தியானம் அயிரை மீன், சாயங்காலம் கோயில் என்று நான் மாதக்கணக்காக மனதுக்குள் போட்டு வைத்திருந்த நாள் அது.

பத்து மணிக்குப் போனோம். ஆபீஸுக்கு எதிரே பத்திர எழுத்தரின் கடை, ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், நீல மைப்பெட்டி, கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து நீலமாகவே ஆகிவிட்ட ஒரு துண்டுத் துணி. பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். நம்பர் வர வெயிலில் நின்றோம், உள்ளே "சர்வர் ஸ்லோவா இருக்கு மேடம்" என்றார்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, அதற்கப்புறம் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு, வாரிசுச் சான்றிதழையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நாங்க எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார்கள். சான்றிதழில் அப்பா இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயர் குடும்பப் பெயராகச் சேர்ந்திருக்கிறது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டையிலும் அப்படியே. திருமணப் பதிவுச் சான்றிதழின் அசல் மெல்போர்னில் இருக்கிறது. நோட்டரி வக்கீலைத் தேடிப் பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பப் போனால், அப்பா பேரில் இருக்கும் மூலப் பத்திரத்தின் அசலைக் காட்டச் சொன்னார்கள். அது பெரியப்பா மகன் பேரில் இருக்கும் லாக்கரில், அவர் கோயம்புத்தூரில். அதோடு இரண்டு பகலும் போயின.

எனக்குக் கோபம் கையெழுத்துப் போடச் சொன்னதில் இல்லை. அப்பாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தது அண்ணன். ராத்திரி எழுந்து பார்த்தது அண்ணி. நான் பணம் அனுப்பினேன், வீடியோவில் பேசினேன். அந்த வீடு அவர்களுக்குத்தான் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே வந்ததில்லை. ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். "நீதான் அங்கயே செட்டிலாயிட்டியே" என்று பெரியப்பா சொன்னபோது அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உயில் எழுதாமல் அப்பா இறந்துபோன இந்துக் குடும்பம் என்றால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் தாய்க்கும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ல் திருத்தம் வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. விட்டுக் கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம். பத்திரத்தை முழுக்கப் படிக்காமல் மட்டும் எந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், எத்தனை பேர் சுற்றி நின்று அவசரப்படுத்தினாலும் சரி.

இந்த வேலையை இருக்கும் நாட்டிலிருந்தே முடிக்க வழி இருக்கிறது. இந்தியத் தூதரகத்தில் இரண்டு சாட்சிகளோடு போய் நமக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையெழுத்துப் போட அனுமதிக்கிற அதிகாரப் பத்திரத்தில் (பவர்) கையெழுத்திட்டு, தூதரக முத்திரையோடு ஊருக்கு அனுப்பலாம். பொது அதிகாரம் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு வீடு, அந்த ஒரு விடுதலைப் பத்திரம் என்று சர்வே எண்ணோடு குறிப்பிட்டுச் சிறப்பு அதிகாரம் மட்டும் கொடுங்கள். பங்கு யாருக்குப் போகிறதோ அவரையே முகவராகப் போடாமல் தாய்மாமா மாதிரி வேறொருவரைப் போடுவது நல்லது. அது ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அதை யாரிடமாவது பொறுப்பாக ஒப்படையுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்து கொண்டிருக்கிறோம். நேரில் போய்த்தான் தீர வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு பயணம் போடுங்கள், திருமணச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலும் கைப்பையில் இருக்கட்டும்.

இனி ஊர். மீனாட்சி கோயில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். செல்போன் உள்ளே கொண்டு போக முடியாது, வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் கூட வருகிறவர்களோடு எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். முடிந்தால் ராத்திரி பள்ளியறை பூஜைக்கு இருங்கள். சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகிற நேரத்தில் பகல் நேரத்து நெருக்கடி இருக்காது. புது மண்டபத்துக்குள் ஜாக்கெட் தைத்துக் கொடுத்த தையல்காரர்களைத் தேடி அங்கே போகாதீர்கள், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நாயக்கர் மகாலில் இன்று நிற்பது 1636-ல் கட்டியதில் ஒரு பகுதிதான், அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கும். காந்தி 1921-ல் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது, அந்த வழியாகப் போனால் பாருங்கள். நடை சாத்திய நேரத்தில் கீழடிக்குப் போய் வரலாம். 2023-ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓட்டின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டை நேரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். காலையில் முள்ளு முருங்கை அடை, பொடி தூவித் தருவார்கள். மத்தியானம் அயிரை மீன் குழம்பு. மீனை உயிரோடு வாங்கித் தேங்காய்ப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துச் சமைப்பது, அதனால் எல்லா நாளும் இருக்காது, மெஸ்ஸுக்கு ஃபோன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். மத்தியானத்துக்கு மேல் மேலக் கோபுரம் பக்கம் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பமும் காரச் சட்னியும். சூடு ஆறினால் அதற்கு ருசி இல்லை, பார்சல் வாங்காமல் அங்கேயே நின்று சாப்பிடுங்கள். விளக்குத்தூண் ஜிகர்தண்டா வயிறு காலியாக இருக்கும்போதுதான் இறங்கும்: சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாசந்தி. ராத்திரி சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை. தடிமனான தோசைமேல் முட்டையை ஊற்றி, அது வேகும் முன் கறியைப் பரப்பி, தட்டி அழுத்தித் திருப்பிப் போடுவார்கள், எண்ணெய் ஓரத்தில் பொங்கும். வயதானவர்களுக்குப் பாதி போதும்.

கார் பேசும்போது உங்கள் ஆட்களை மட்டும் எண்ணிப் பேசாதீர்கள். கடைசி நாள் சாயங்காலம் அண்ணியையும் ஜிகர்தண்டா குடிக்கக் கூப்பிட்டபோதுதான், அப்பா படுத்ததிலிருந்து அவர் விளக்குத்தூண் பக்கமே வரவில்லை என்று தெரிந்தது. கீழடியை டிவியில் பார்த்ததோடு சரி. உள்ளூரில் இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்வார்கள் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். பெரிய வண்டியாகப் பேசுங்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு எந்த நாள் தோது என்று முன்னாலேயே கேளுங்கள். அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும், அதனால் அடுத்த தடவை கீழடியை ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருக்கிறேன்.