வீட்டிலேயே பாத் சால்ட்: சென்னையில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிக்கும் தண்ணீரில் கரைக்கும் வாசனை உப்புதான் பாத் சால்ட். அதைச் செய்யப் பெரிய அடுப்பு வேலை வேண்டாம், மிக்ஸி வேண்டாம். உப்பு, கொஞ்சம் எண்ணெய், வாசனைக்கு நாலைந்து சொட்டு எசென்ஷியல் ஆயில் (செடியிலிருந்து எடுக்கும் செறிவான வாசனை எண்ணெய்), கலக்கினால் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமான ஒன்று நிறையப் பேருக்குச் சொதப்புவதற்குக் காரணம், நாம் பார்த்துச் செய்யும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீட்டுக்காக எழுதப்பட்டவை. அங்கே குளியல் தொட்டி இருக்கும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும். வெயில் உறைக்காது. நம் வீட்டில் வாளியும் மக்கும்தான், ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று, வாசலைத் தாண்டினால் சுள்ளென்று வெயில். அந்த அளவையும் பொருளையும் அப்படியே எடுத்துச் செய்தால் ஒன்று உப்பு ஈரம் கோத்துக் கசியும், இல்லையென்றால் தோல் எரியும்.

முதலில் அளவு. இரண்டு கப் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) என்று செய்முறையில் இருக்கும், அது ஏறக்குறைய அரை கிலோ. தொட்டியில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 150 லிட்டர். அப்படியானால் லிட்டருக்கு 3 கிராம் சொச்சம். நம் வாளியில் பிடிப்பது 18, 20 லிட்டர். அதற்கு 60 கிராம் போதும், அதாவது நாலு டேபிள்ஸ்பூன். இரண்டு கப்பையும் வாளியில் கொட்டினால் லிட்டருக்கு 25 கிராம் ஆகிவிடும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான். மெரினாவில் நனைந்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் உடம்பு பிசுபிசுத்து அரிக்குமே, அந்த அனுபவம்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மக்கில் மொண்டு ஊற்றும்போது உப்புத் தண்ணீர் தோலில் நிற்பது சில நொடிகள். வாசனை கிடைக்கும், மனசுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். தொட்டி இல்லாத வீட்டில் பாத் சால்ட்டுக்குச் சரியான இடம் கால் ஊறவைக்கும் டப். 5 லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் காலை வைத்திருந்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பிய நாளில் இது தரும் சுகமே தனி. மேல் குளியலுக்குப் பயன்படுத்தினாலும் கடைசி இரண்டு மக் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

எசென்ஷியல் ஆயிலை நேராக உப்பில் விடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நல்ல செய்முறைகள் என்று பேர் வாங்கியவையும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் எடுத்து, ஒரு ஸ்பூன் உப்பில் இரண்டு சொட்டு லாவெண்டர் ஆயிலைக் கலந்து அதில் போட்டுப் பாருங்கள். உப்பு கரைந்து கீழே காணாமல் போகும். எண்ணெய் மட்டும் சின்னச் சின்ன வட்டமாக மேலே மிதக்கும். ஸ்பூனால் கலக்கினால் உடையும், விட்டால் மறுபடி ஒன்றுசேரும். உப்பில் சேர்த்துவிட்டால் எண்ணெய் நீர்த்துவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பது அந்த டம்ளரிலேயே தெரிந்துவிடும். மிதக்கிற அந்தச் சொட்டு கொஞ்சமும் வீரியம் குறையாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற மெல்லிய தோலில் பட்டால் எரிச்சலும் சிவப்பும் வரும். சிலருக்கு அதுவே நிரந்தர ஒவ்வாமையாகிவிடும். அதன் பிறகு அந்த வாசனை உள்ள சோப்பு, க்ரீம் எதுவும் ஒத்துக்கொள்ளாது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். எசென்ஷியல் ஆயிலை முதலில் சமையலறையில் இருக்கும் ஒரு எண்ணெயில் கலந்துகொள்ள வேண்டும். 250 கிராம் உப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது பாதாம் எண்ணெய், அதில் 6 சொட்டு எசென்ஷியல் ஆயில். இது சுமார் 2 சதவீதம் வரும். இந்தக் கலவையை உப்பில் ஊற்றிப் பிசறினால் போதும். நல்லெண்ணெய் தோலுக்கு நல்லதுதான், ஆனால் அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கே வேண்டாம் என்றால் பாலிசார்பேட் 20 என்ற கலப்பான் கிடைக்கிறது. அது எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவிடும்.

எண்ணெய் சேர்த்த உப்பென்றால் குளியலறைத் தரையையும் நினைக்க வேண்டும். டைல்ஸில் எண்ணெய்த் தண்ணீர் பட்டால் வழுக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெய் சேர்த்த உப்பைக் கால் டப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. டப்பைக் கவிழ்த்ததும் சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

இயற்கை என்பதாலேயே பாதுகாப்பு ஆகிவிடாது

எலுமிச்சையிலிருந்து தொடங்குவோம். தோலைப் பிழிந்தெடுக்கும் எலுமிச்சை எண்ணெயிலும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயிலும் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்புண் போலச் சிவந்து கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் திட்டாக நிற்கும். காலையில் எலுமிச்சை உப்பில் குளித்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்புவது சென்னை வெயிலுக்கு ஒத்துவராது. சிட்ரஸ் மணம்தான் வேண்டும் என்றால் இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் வாங்குங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.

லவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் சமையல் வாசனை என்பதால் சாதுவாகத் தெரியும். குளியலில் சேர்க்கவே கூடாத எண்ணெய்கள் அவை. லெமன்கிராஸ் எண்ணெயும் சிலர் தோலை எரிக்கும், ஒரு சொட்டுக்கு மேல் போக வேண்டாம்.

ஊட்டி போய்வந்த வீட்டில் நீலகிரித் தைலம் பாட்டில் ஒன்று இருக்கும், கூடவே விண்டர்கிரீன் தைலமும் இருக்கலாம். விண்டர்கிரீன் முழுக்க மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவான பொருள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைத் தோலில் தடவவே கூடாது. அந்த மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிக்கே மூட்டு வலிக்கு நல்லது என்று ஆசையாகக் கலந்து தருகிறோம், அதுதான் கவலை. சளிக்கு நல்லது என்று குழந்தை குளிக்கும் தண்ணீரில் கற்பூரமோ நீலகிரித் தைலமோ சேர்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இரண்டுமே கொஞ்சம் வாயில் போனாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கக்கூடியவை. குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பார்களா? கர்ப்பிணிகள் எந்த எசென்ஷியல் ஆயிலாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம், மல்லிகை. ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "மல்லிகை எசென்ஷியல் ஆயில்" எசென்ஷியல் ஆயிலே இல்லை. மல்லிகையின் மணம் நீராவியில் கெட்டுவிடும். அதனால் கரைப்பான் வைத்துத்தான் எடுப்பார்கள், விலையும் பல மடங்கு. மலிவான பாட்டிலில் இருப்பது செயற்கை நறுமண எண்ணெய். சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அது பரவாயில்லை, இயற்கைப் பொருளில் செய்கிறோம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். பாரிமுனைப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினாலும், பாட்டிலில் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எப்படி எடுத்தது என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "லாவெண்டர்" என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். "லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா, பூ, நீராவி வடிப்பு" என்று இருந்தால் வாங்கலாம்.

என்னைக் கேட்டால் லாவெண்டருக்காக அலைவதைவிட வெட்டிவேர் மேல். கடலூர்க் கரையோர மணலில் விளைவது, நாட்டு மருந்துக் கடையில் கட்டாகக் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த வேரைச் சின்னத் துணி மூட்டையாகக் கட்டி உப்பு ஜாடிக்குள் ஒரு வாரம் வைத்தால் மெல்லிய மண்வாசனை ஏறும். எண்ணெயே சேர்க்க வேண்டியதில்லை. அதே மூட்டையை வெந்நீரிலும் போடலாம்.

எந்த உப்பு, எப்படிக் காயவைப்பது

மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் ஒட்டியிருக்கும். அதற்கு 33 சதவீதமே போதும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று 80ஐ எளிதாகத் தாண்டும். அந்த மாதங்களில் கிலோ கணக்கில் செய்து வைத்தால் வீண்தான். வேண்டியதை வேண்டியபோது செய்துகொள்ளுங்கள்.

கல் உப்பை வெறும் வாணலியில் போட்டு மிதமான தீயில் வறுத்தால் படபடவென்று வெடிக்கும். கல்லுக்குள் மாட்டிக்கொண்ட உப்புநீர் சூட்டில் வெடித்து வெளியேறும் சத்தம் அது. முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கும் வரை வறுத்து, முழுக்க ஆறியதும் எண்ணெய் சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் வாசனை ஆவியாகிப் போய்விடும்.

எப்சம் உப்பை இப்படிச் செய்யக் கூடாது. அது மெக்னீசியம் சல்பேட்டோடு ஏழு மூலக்கூறு தண்ணீர் சேர்ந்த படிகம். 48 டிகிரியைத் தாண்டினாலே அந்தத் தண்ணீர் கழலத் தொடங்கும். வாணலியில் போட்டால் தன் தண்ணீரிலேயே இளகிக் கட்டியாகிவிடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பரப்பினால் கண்ணாடி போலிருந்த படிகம் வெளுத்து மாவாகும். அந்த மாவு மறுபடி ஈரத்தை இழுத்துப் பாறையாகும். எப்சம் உப்புக்கு நிழலும் இறுக்கமான மூடியும் போதும்.

வாங்கும்போது மருந்துக் கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரம்) என்று போட்ட மெக்னீசியம் சல்பேட்டைக் கேளுங்கள். உரக்கடையில் கிடைப்பதும் அதே பெயர்தான், விலையும் குறைவு, ஆனால் அது செடிக்கான தரம். சமையல் சோடா சேர்க்கும் செய்முறை என்றால் ஆப்ப சோடா என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். சலவை சோடா வந்துவிட்டால் தோல் வெந்துபோகும். ஆப்ப சோடாவும் காரம்தான், உப்பில் கால் பங்குக்கு மேல் தேவையில்லை. அதோடு சிட்ரிக் ஆசிட் சேர்த்துப் பொங்கவைக்கும் வகையை மழைக்காலத்தில் தொடாதீர்கள். காற்றிலுள்ள ஈரத்திலேயே ஜாடிக்குள் பொங்கி, மூடியைத் தள்ளிவிடும்.

பூ, இலை, பழத்தோல் எதுவானாலும் கையில் நொறுக்கினால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் வதங்கிய ரோஜா இதழைச் சேர்த்தாலே சில நாளில் பூஞ்சணம் தெரியும். காய்ந்ததையும் தூவாமல் துணியில் கட்டிப் போடுங்கள், இல்லையென்றால் குளியலறை ஜாலி அடைத்துக்கொள்ளும். மஞ்சள் வேண்டாம், டப்பும் நகமும் கறையாகும்.

யார் காலை ஊறவைக்கக் கூடாது

சர்க்கரை நோய் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள், உப்புத் தண்ணீரில் காலை ஊறவைக்கக் கூடாது. தண்ணீரின் சூடு அவர்களுக்குத் தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. ஊறிய தோல் காய்ந்து வெடித்தால் அந்த வெடிப்பில் கிருமி ஏறிப் புண்ணாகும், ஆறாது. பித்தவெடிப்புக்கு நல்லது என்று அப்பா அம்மாவுக்கு நாம் அன்பாகச் செய்து கொடுப்பதே தீங்காகிவிடும். ஆறாத புண் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எப்சம் உப்புக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எப்சம் குளியல் உடம்பின் நச்சை இழுத்து வெளியேற்றும், தோல் வழியாக மெக்னீசியம் ஏறும் என்றெல்லாம் சொல்கிறார்களே என்றால், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வெந்நீரின் இதமும் வாசனையும் உண்மை, அதற்காகச் செய்யலாம்.

புதுக் கலவையை முதல்முறை பயன்படுத்தும் முன், எசென்ஷியல் ஆயில் கலந்த எண்ணெயை முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் சரி.

ஜாடி கண்ணாடியாக இருக்கட்டும், மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உப்பும் கடற்காற்றும் சேர்ந்தால் இரும்பு மூடி சீக்கிரமே துருப்பிடித்து, துரு உப்பில் உதிரும். ஈரக்கை விடாமல் காய்ந்த ஸ்பூனில் எடுங்கள். என்ன இருக்கிறது, என்று செய்தது என்பதைக் கட்டாயம் எழுதி ஒட்டுங்கள், பார்ப்பதற்கு அச்சு அசல் டைமண்ட் கற்கண்டு மாதிரியே இருக்கும். எப்சம் உப்பு வயிற்றுக்குள் போனால் பேதியாகும், அதில் தைலமும் இருந்தால் இன்னும் மோசம். குழந்தைகள் கைக்கெட்டாத உயரத்தில், குளியலறைக்கு வெளியே வையுங்கள். எண்ணெய் சேர்த்த உப்பைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பிறகு குளித்த தண்ணீரைச் செடிக்கு விடும் நல்ல பழக்கம் சென்னையில் பல வீடுகளில் இருக்கிறது. கல் உப்பு சேர்த்த தண்ணீரை மட்டும் சாக்கடையிலேயே ஊற்றிவிடுங்கள். தொட்டிச் செடியின் வேர் அதைத் தாங்காது, சில நாளிலேயே இலை நுனி கருக ஆரம்பித்துவிடும்.