சந்தோசத்த அடுத்த மாசத்துக்குத் தள்ளாம இருக்கறது எப்படிங்க

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு உழைக்கறதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லீங்க. காத்தால கட்டுத்தரைல சாணி அள்ளிப்போட்டுட்டு எட்டு மணிக்கு பனியன் கம்பெனிக்குப் போயி, ஷிப்மென்ட் இருந்தா நடுச்சாமத்துல ஊடு வந்து சேர்ற ஆளுக ஊருக்கு எத்தனையோ பேரு. சந்தோசமா இருக்கீங்களான்னு கேட்டா மட்டும் லோன் முடியட்டும், பாப்பா கல்யாணம் ஆகட்டும், போர்ல தண்ணி வரட்டும்னு ஒரு தேதி சொல்லுவாங்க. நானும் பதினஞ்சு வருசம் அப்படித்தான் ஓட்டுனேன், அதனாலதான் இத எழுதறேன்.

மொதல்ல ஒரு நோட்டு எடுங்க. இது கெடச்சாப் போதும்னு நெனச்சு, நெசமாவே கெடச்ச அஞ்சு விசயத்த எழுதி, அந்த சந்தோசம் எத்தன நாள் இருந்துச்சுன்னு பக்கத்துலயே போடுங்க. நான் எழுதுனதுல புது ஊடுதான் மொதல்ல இருந்துச்சு, பால் காச்சுன அன்னைக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு, ஆனா ரெண்டே மாசத்துல எதுத்த ஊட்டு கிரானைட்டப் பாத்து மனசு வெந்துட்டு இருந்தேன். இது எனக்கு மட்டும் இருக்கற கொறை இல்லீங்க. அமெரிக்கால 1978ல வந்த ஒரு ஆய்வுல பெரிய லாட்டரி விழுந்த 22 பேர்கிட்ட கேட்டப்போ, மத்தவங்களவிட அவங்க பெருசா எச்சா சந்தோசமா இல்ல, அதுலயும் காத்தால சாப்பாடு, சிநேகிதன்கூட பேச்சு இந்த மாதிரி சின்ன விசயம் அவங்களுக்கு ருசி கொறஞ்சு போயிருந்துச்சு. கெடச்சதுக்கு மனசு சீக்கிரம் பழகிக்குது, அவ்வளவுதான்.

அதுக்காக காசு வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். பைனான்ஸ்காரனுக்கு டியூ கட்ட முடியாம தூக்கம் போனவருக்கு மொத வேலை அந்தக் கடனத் தீக்கறதுதான். அதே மாதிரி காரணமே இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்ல, எதுலயும் மனசு ஒட்டலைன்னா அத வெறும் சோர்வுன்னு விட்றாதீங்க, டாக்டரப் பாருங்க, இல்லைன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்ட்டோட மனநல உதவி நம்பர் அது, காசில்ல, தமிழ்லயே பேசலாம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், ஆளுக. ஹார்வர்ட்ல 1938ல ஆரம்பிச்சு எம்பது வருசத்துக்கு மேல 724 ஆம்பளைங்க வாழ்க்கையப் பின்தொடர்ந்து பாத்திருக்காங்க, படிச்ச பசங்களும் பாஸ்டன்ல ஏழை ஊட்டுப் பசங்களும் அதுல உண்டு. அம்பது வயசுல யாருக்கு ஒறவு நல்லா இருந்துச்சோ அவங்கதான் எம்பதுல ஒடம்பும் நல்லா இருந்தாங்க, கொலஸ்ட்ரால் கணக்கவிட இது சரியாச் சொல்லுச்சாம். நம்ம என்ன பண்றோம்? ஒறம்பரைய மொய் நோட்டுல மட்டுந்தான் பாக்கறோம். கல்யாணத்துக்குப் போயி சாப்ட்டு, கவர் குடுத்துட்டு, போட்டோ எடுத்துட்டு வந்தர்றோம், அது போய்ட்டு வந்த கணக்குல சேருமே தவிர பேசுன கணக்குல சேராது.

அதனால வாரத்துல ஒரு நாள் சாய்ங்காலத்த இப்பவே ஒதுக்கோணும். நேரம் கெடச்சாப் போலாம்னா கெடைக்கவே கெடைக்காதுங்க, சீட்டுப் பணம் கட்டற நாளு மாதிரி மாத்தாம வெக்கோணும். ஊருல வள்ளி கும்மி பழகுனாங்கன்னா அதுல சேந்துக்கங்க, அத நான் ரொம்பச் சிபாரிசு பண்ணுவேன். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் அய்யாவுக்கு இந்தக் கும்மிக்காகத்தான் 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அடி தப்பாம வட்டத்துல ஆடறப்போ லோனும் ஞாபகம் வராது, எதுத்த ஊடும் ஞாபகம் வராது. 2250 பேர போன் மூலமா அப்பப்பக் கேட்டு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, முழிச்சிருக்கற நேரத்துல கிட்டத்தட்ட பாதி நேரம் மனசு வேற எங்கியோ இருக்குதாம், அப்படி அலையறப்போ சந்தோசம் கொறையுதாம்.

செலவு பத்தியும் ஒண்ணு. கனடால 2008ல காத்தால கொஞ்சம் டாலர் குடுத்து, பாதிப்பேர உங்களுக்கே செலவு பண்ணுங்க, மீதிப்பேர அடுத்தவங்களுக்குப் பண்ணுங்கன்னு விட்டுப் பாத்தாங்க. பொழுதோட அடுத்தவங்களுக்குக் குடுத்தவங்கதான் நல்லா இருந்தாங்க, அஞ்சு டாலரா இருவதான்னு வித்தியாசமே இல்ல. அடுத்தவங்களுக்குன்னு மாசம் எரநூறு ரூவா தனியா எடுத்து வெய்ங்க போதும்.

நான் வெள்ளிக்கெழம பொழுதோட எங்கம்மாவப் பெத்த அம்மிச்சி ஊட்டுக்குப் போறேன். ஒரு சீப்பு பழம் வாங்கிக்குவேன், செல்போன வண்டி டிக்கிலயே வெச்சுப் பூட்டிருவேன். மொத நாலு வாரம் பத்து நிமிசத்துல பேச்சு தீந்து கை போனத் தேடும், எந்திரிச்சுப் போலாம்னு இருக்கும், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், அப்ப எந்திரிக்காதீங்க. சித்த நேரம் சும்மா உக்காருங்க, முருங்கக்கீரை உருவறதா இருந்தா கூட உருவுங்க. அஞ்சாவது வாரம் அம்மிச்சி தானாவே, எங்க மாமன் சின்னப்பையனா இருந்தப்போ கெணத்துல குதிச்ச கதையச் சொல்லிட்டே அரிசிம்பருப்புக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சுருச்சுங்க.