பிளாஷ் படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதா? குழந்தையின் படங்களைச் சோதிக்கும் முறை

ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. பிளாஷ் வெளிச்சம் விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்த நாளங்களில் பட்டுத் திரும்புவதால் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. அங்கே கட்டி இருந்தால் அது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னும். பிறவிக் கண்புரையிலும், விழித்திரையின் ரத்த நாளங்கள் கசியும் கோட்ஸ் நோயிலும்கூட இப்படித் தெரியலாம். அவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

படி 1: பிளாஷ் போட்டு எடுத்த அசல் படங்களை மட்டும் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை சுருக்கப்பட்டவை என்பதால் வேண்டாம்.

படி 2: பெரிதாக்கி, இரு கண்மணிகளின் நிறத்தையும் ஒப்பிடுங்கள்.

படி 3: குழப்பமெல்லாம் இங்கேதான். கண் மூக்குப் பக்கமாக ஏறத்தாழ 15 டிகிரி திரும்பியிருந்தால், வெளிச்சம் பார்வை நரம்பு தொடங்கும் வட்டில் பட்டு, நோயில்லாத கண்ணும் வெளிறி மின்னும். எங்கள் வீட்டுப் பிறந்தநாள் படமொன்றில், தன் இடப்பக்கமிருந்த மெழுகுவத்தியைப் பார்த்த குழந்தைக்கு வலக்கண் மட்டும் மஞ்சளாக இருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்த அடுத்த படத்தில் இரண்டும் சிவப்பு. ஆனால் ஓரத்திலுள்ள கட்டியும் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியக்கூடும் என்பதால், சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து மருத்துவர் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே அந்தப் பேச்சை விட்டோம். நேர்பார்வையில் வெள்ளை தெரிந்தாலோ, பல படங்களில் அதே கண் மின்னினாலோ, ஓரிரு நாளுக்குள் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

படி 4: புதிதாக எடுப்பதானால் மங்கலான அறையில் எடுங்கள், கண்மணி விரிந்திருக்கும். ரெட் ஐ குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள், ஏனெனில் அது முன்கூட்டியே ஒளியைப் பாய்ச்சிக் கண்மணியைச் சுருக்கிவிடுகிறது. லென்ஸை ஒட்டியே பிளாஷ் உள்ள பழைய சிறு டிஜிட்டல் கேமராதான் இதற்கு என் தேர்வு. கூரையில் பட்டுத் தெறிக்கும் ஸ்டூடியோ பிளாஷ் இந்த வேலைக்கு உதவாது.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷா, தம் மகனுக்கு இந்நோய் கண்டறியப்பட்ட பின் குடும்பப் படங்களை ஆராய்ந்து, பிறந்த 12ஆம் நாள் படத்திலேயே வெள்ளை ஒளி இருந்ததைக் கண்டார். அவர் குழு உருவாக்கிய 'ஒயிட் ஐ டிடெக்டர்' செயலி, 2019இல் வெளியான ஆய்வில், ஏதேனும் கண் நோயுள்ள குழந்தைகளில் 80 சதவீதத்தினருக்கு மருத்துவர் கண்டறிவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுகள் முன்பே படங்களில் அறிகுறியைக் காட்டியது. ஐந்தில் ஒருவரை அது தவறவிட்டது என்பதால், செயலியை இரண்டாம் பார்வையாக வைத்துக்கொள்வதே சரி.

பிற்சேர்க்கை: படங்களில் எதுவும் தெரியவில்லை, ஆனால் ஒரு கண் மாறுகண்ணாக இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மாறுகண்ணும் இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. படம் சிவப்பாக இருப்பதை நம்பிக் காத்திராமல் விழித்திரைப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். செல்லும்போது அசல் படங்களைக் கைபேசியிலேயே கொண்டுபோங்கள். காகிதத்தில் அச்சிட்டால் நிறம் மாறிவிடுகிறது.