லாஜிக் எங்கே இடிக்கிறது? 'டேர்டெவில்' முதல் சீசனை வைத்து ஒரு பயிற்சி

சூப்பர்ஹீரோ தொடருக்கு லாஜிக் பார்க்கலாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். கண் தெரியாத ஒரு வக்கீல், காதில் விழும் சத்தத்தை வைத்தே ரௌடிகளை அடித்துப் போடுகிறார் என்பதை முதல் எபிசோடிலேயே நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். அதோடு நம் சலுகை முடிந்தது. அதன்பின் ஒவ்வொருவரும் எடுக்கும் முடிவு நம்பும்படி இருக்க வேண்டும். லாஜிக் ஓட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் சக்தி சம்பந்தப்பட்டது இல்லை. 'இந்த ஆள் ஏன் இப்படிச் செய்தான்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத இடம்தான் அது.

பயிற்சிக்கு 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டேர்டெவில்' முதல் சீசனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 13 எபிசோட். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: முடிவுகளை மட்டும் எழுதுங்கள்

சண்டைகளை விட்டுவிடுங்கள். யார், என்ன முடிவெடுத்தார் என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவில் 'ஆகவே' போட முடிகிறதா, 'அப்புறம்' மட்டும்தான் போட முடிகிறதா என்று பாருங்கள். 'ஆகவே' வந்தால் காரணம் இருக்கிறது, 'அப்புறம்' மட்டும்தான் என்றால் அங்கே ஓட்டை இருக்கலாம்.

கடைசி எபிசோடுகள் இப்படி வரும். வில்லன் வில்சன் ஃபிஸ்க், வனெஸ்ஸாவைக் காதலிக்கிறான். ஆகவே அவன் கவனம் சிதறுகிறது என்று கூட்டாளிகள் ஓல்ஸ்லியும் மேடம் காவோவும் அவளுக்கு விஷம் வைக்கிறார்கள். ஆகவே ஃபிஸ்க் ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கிறான். அந்த நேரத்தில், ஹீரோவின் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கேரனும் பத்திரிகையாளர் பென்னும் தன்னைப் பார்க்க வந்ததை ஃபிஸ்க்கின் அம்மா போனில் சொல்கிறார். ஃபிஸ்க்கைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று உதவியாளன் வெஸ்லி தனியாகக் கிளம்பிப் போய்க் கேரனைக் கடத்துகிறான், அவள் கையாலேயே சாகிறான். அம்மாவைத் தேடிப் போனதற்காக ஃபிஸ்க் பென்னைக் கொல்கிறான். விஷம் வைத்தது தெரிந்ததும் ஓல்ஸ்லியையும் கொல்கிறான். ஆனால் ஓல்ஸ்லி, தன் பாதுகாப்புக்காக ஹாஃப்மன் என்ற போலீஸ்காரரை ஒளித்து வைத்திருக்கிறான். அந்த ஹாஃப்மன் கொடுக்கும் வாக்குமூலத்தில்தான் ஃபிஸ்க் கைதாகிறான்.

காதலில் தொடங்கியது கைவிலங்கில் வந்து நிற்கிறது. இந்தச் சங்கிலியில் பெரும்பாலான கண்ணிகளைப் போட்டது ஃபிஸ்க்கும் அவன் கூட்டாளிகளும்தான். இந்த சீசன் எனக்கு இவ்வளவு பிடிக்க அதுதான் காரணம்.

படி 2: ஆளுக்கு மூன்று கேள்வி

இவருக்கு என்ன வேண்டும்? எதைக் கண்டு கூசுகிறார்? எதைச் செய்யவே மாட்டார்?

நான்காவது எபிசோடில் ஃபிஸ்க், தன்னோடு கூட்டு வைத்திருந்த ரஷ்ய ரௌடி அனடோலியின் தலையைக் கார் கதவில் வைத்து நசுக்குகிறான். வனெஸ்ஸாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து சங்கடப்படுத்தினான் என்பதுதான் குற்றம். அப்போது இது அளவுக்கு மீறியதாகத் தெரியும். எட்டாவது எபிசோட் பிளாஷ்பேக்கில், அம்மாவை அடிக்கும் அப்பாவைச் சிறுவன் ஃபிஸ்க் சுத்தியலால் அடித்துக் கொல்கிறான். அதற்கு முன் அப்பா அவனை வெறித்துப் பார்க்கச் சொன்ன சுவரும், பெரியவனான பிறகு அவன் வாங்கி மாட்டியிருக்கும் வெள்ளை ஓவியமும் ஒரே மாதிரி இருக்கின்றன. காரணம் நான்கு எபிசோட் தள்ளி வந்தாலும் பரவாயில்லை, செயலோடு பொருந்துகிறது.

ஹீரோ மேட் மர்டாக், கொலை செய்யக் கூடாது என்று நினைக்கும் கத்தோலிக்கர். எலெனா என்ற மூதாட்டி ஃபிஸ்க்கின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டதும் ஃபிஸ்க்கைக் கொன்றே தீருவது என்று அவரே கிளம்புகிறார். மூன்றாவது கேள்வியின் பதிலைக் கதை சோதித்துப் பார்க்கும் இடம் இது. இப்படி ஓர் இடமே இல்லாத தொடரில் ஹீரோவின் கொள்கை வெறும் வசனம்தான்.

படி 3: சக்திக்கு என்ன விலை?

இரண்டாவது எபிசோட் முடிவில் வரும் நடைபாதைச் சண்டையில் மர்டாக் மூச்சு வாங்குகிறார், சுவரில் சாய்கிறார். இங்கே எல்லை தெரிகிறது. 2014இல் தொடங்கிய 'தி ஃபிளாஷ்' தொடரில் அப்படி இல்லை. ஒலியைவிட வேகமாக ஓடக்கூடிய பேரி ஆலன், துப்பாக்கியோடு நிற்கும் வில்லன் கேப்டன் கோல்டுக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருப்பார். இது நிஜமாகவே இடிக்கிறது.

அதே பேரி, இரண்டாம் சீசன் முடிவில் காலத்தில் பின்னோக்கிப் போய், தன் சின்ன வயதில் கொலையான அம்மாவைக் காப்பாற்றியதை முட்டாள்தனம் என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முதல் சீசன் முடிவில் அதே இடம் வரை போய்விட்டுக் கைகட்டி நின்றவர்தான் அவர். இப்போது கண்ணெதிரே அப்பாவையும் வில்லன் ஸூம் கொன்றுவிட்டான். தப்பான முடிவு வேறு, பொருந்தாத முடிவு வேறு. விமர்சனம் எழுதும்போது இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறோம்.

படி 4: ஓட்டையை அடைத்துப் பாருங்கள்

'டேர்டெவில்' சங்கிலியிலும் ஓர் 'அப்புறம்' இருக்கிறது. எதிலும் நிதானம் தவறாத வெஸ்லி, குண்டு போட்ட துப்பாக்கியைக் கேரனின் கைக்கு எட்டும் தூரத்தில் மேஜைமேல் வைக்கிறான். போன் அடிக்கிறது, அவன் கவனம் திரும்புகிறது, அவள் எடுத்துவிடுகிறாள். தனியாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது, இதற்கு இல்லை. அவன் சாக வேண்டும் என்பதற்காகவே துப்பாக்கி அங்கே வந்ததுபோல் இருக்கிறது.

இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். என் வரி இது: முந்தைய ஓர் எபிசோடில் வெஸ்லி இதேபோல் ஆயுதத்தை எதிராளி முன்னால் வைத்து, அதைத் தொடக்கூட அவர் பயப்படுவதைப் பார்த்து ஜெயித்திருக்க வேண்டும்.